யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

கப்பல் போன்ற கார். உள்ளே ஏறி உட்கார்ந்தால் வெளியே வெயில் அடிப்பது தெரியாது. ரோட்டில் பள்ளம் இருப்பதும் தெரியாது.

புதிதாக வாங்கினால் 60 லட்சம் ரூபாய். பத்து வருடம் ஓடிய பிறகு அதே கார் 10 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்குப் புதிய கார் வாங்கினால் சின்னக் கார்தான் கிடைக்கும்.

யாருக்குத்தான் ஆசை வராது?

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சம்பந்தி வீட்டில் மதிப்பு உயரும். சேமித்து வைத்த பணத்தை எடுக்கிறார்கள். போதாததற்குக் கடன் வாங்குகிறார்கள். சில வீடுகளில் மனைவியின் நகையும் அடகுக் கடைக்குப் போகிறது. கார் வாசலுக்கு வந்துவிடுகிறது.

யானை வந்துவிட்டது. இனி அதற்குத் தீனி?

சாமான் விலை இறங்காது

பலரும் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. காரின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும். அதன் உதிரி சாமான்களின் விலை இறங்காது. ஏறவும் செய்யும்.

60 லட்ச ரூபாய் காருக்கு என்று செய்த விளக்கு, 10 லட்சத்துக்கு விற்ற பிறகும் 60 லட்ச ரூபாய் காரின் விளக்குதான். கடைக்காரர், "நீங்கள் பழைய விலைக்குத்தானே வாங்கினீர்கள்" என்று பார்த்து விலையைக் குறைக்கமாட்டார். அந்தச் சாமான் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வரும் வரை கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். கடனுக்கு மாதத் தவணை மட்டும் நிற்காது.

சின்னக் காரின் விலையில் பெரிய கார் கிடைக்கலாம். சின்னக் காரின் செலவில் பெரிய கார் ஓடாது. வாங்குகிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

மெத்தென்று போவது எப்படி?

சாதாரணக் காரில் சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். அது பல வருடம் உழைக்கும். பல சொகுசுக் கார்களில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பை இருக்கிறது. அதற்குள் காற்றை அடைத்திருப்பார்கள். ஒரு சின்ன கம்ப்ரசர் தேவைப்படும்போது காற்றை அடிக்கும். கார் மெத்தை போலப் போவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ரப்பர் ரப்பர்தான். வெயிலிலும் தூசியிலும் வயதாகும். மடிப்பில் வெடிப்பு விழும். காற்று மெதுவாகக் கசியும்.

இரவு நிமிர்ந்து நின்ற கார், காலையில் ஒரு பக்கம் படுத்திருக்கும். என்ஜினைக் கிளப்பினால் மறுபடி எழுந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று சொந்தக்காரர் ஓட்டிக்கொண்டு போவார். அங்கேதான் ஆபத்து. கசிகிற பைக்குக் காற்று அடித்து அடித்து கம்ப்ரசர் சூடேறும். ஒருநாள் எரிந்துபோகும். ஒரு பையை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, இரட்டைச் செலவு ஆகும்.

சொகுசுக் காரில் சின்னக் கோளாறு என்று எதையும் தள்ளிப்போடக் கூடாது.

விளக்கு எரிந்தால் போதுமா?

இந்தக் காலத்துக் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இல்லை; பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. கோளாறு வந்தால் டிரைவருக்கு முன்னால் விளக்கு எரியும். மெக்கானிக் ஒரு கருவியை மாட்டிப் பார்ப்பார். அது ஓர் எண்ணைக் காட்டும்.

அந்த எண் நோயின் பெயர் அல்ல. "இந்த இடத்தில் வலிக்கிறது" என்பது மாதிரி ஓர் அடையாளம். வலிக்குக் காரணம் என்ன என்பதை மெக்கானிக்தான் தேட வேண்டும். ஓர் ஒயர் அறுந்திருக்கலாம். பேட்டரி பலமிழந்தாலே பல விளக்குகள் ஒன்றாக எரிவது உண்டு.

நல்ல மெக்கானிக் தேடுவார். அவசரக்காரர் எண்ணைப் பார்த்ததும் சாமானை மாற்றுவார். விளக்கு அணையாது. அடுத்த சாமானை மாற்றுவார். மாற்றிய எல்லாவற்றுக்கும் பில் வரும். உண்மைக் கோளாறு உள்ளேயே இருக்கும்.

மெக்கானிக் மீது மட்டும் பழி போடுவதும் நியாயம் அல்ல. கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும், ஒயர் படமும், சாமானும் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்கு எளிதில் கிடைக்கின்றன. தெருவில் கடை வைத்திருக்கும் கெட்டிக்காரருக்குக் கிடைப்பதில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் எப்படி?

வெள்ளம் குடித்த கார்

2015 டிசம்பரில் சென்னையில் பெரு வெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. பல லட்சம் ரூபாய்க் கார்களும் தப்பவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிட்ட கார்கள் ஏலத்துக்கு வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கார்கள் தண்ணீரில் நின்றன.

மூழ்கிய காரை உடனே கிளப்பக் கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், உள்ளே உள்ள இரும்புத் தண்டே வளைந்துவிடும்.

கழுவித் துடைத்துப் பாலிஷ் போட்டால் வெள்ளக் காரும் புதுமாப்பிள்ளை போல நிற்கும். ஒயர் முனைகளில் பிடித்த பாசி சில மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஆகவே, பழைய கார் வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். சேறு படிந்த கோடு இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

சொகுசு என்றால் என்ன?

இவ்வளவு விலை கொடுத்தும் ரிப்பேர் வருகிறதே, அது சொகுசா? இந்தக் கேள்விக்குக் கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டும்.

ஆரம்ப காலத்தில் சொகுசுக் கார் என்பதற்கு வேறு பொருள் இருந்தது. 1907-ம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி, "சில்வர் கோஸ்ட்" என்ற காரைச் சோதனைக்கு விட்டது. "வெள்ளிப் பேய்" என்று பொருள். அவ்வளவு சத்தமில்லாமல் வருமாம்! லண்டனுக்கும் கிளாஸ்கோ நகருக்கும் இடையே அந்தக் கார் திரும்பத் திரும்ப ஓடியது. மொத்தம் 15 ஆயிரம் மைல். அதில் 14 ஆயிரம் மைலுக்கு மேல், டயர் மாற்றியதைத் தவிர, கோளாறு என்று நிற்காமல் ஓடியது. சோதனை முடிந்ததும் காரைப் பிரித்துப் பார்த்தார்கள். தேய்ந்த சாமான்களைப் புதிதாக்க ஆன செலவு சுமார் 2 பவுன்தான்!

அன்று சொகுசு என்றால், நடு வழியில் நிற்காத கார். இன்று பொத்தான்கள் கூடின. ஆசனம் சூடாகிறது, குளிர்கிறது, முதுகைப் பிடித்துவிடுகிறது. பொத்தான் கூடக் கூட, கெட்டுப்போகும் இடமும் கூடியது.

பெயர் பெற்ற கம்பெனிக்கும் சறுக்கல் வந்தது. 2004-ம் ஆண்டு மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி, மின்சாரத்தால் இயங்கும் பிரேக்கில் குறை என்று 6 லட்சத்து 80 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. 2005-ல் பல குறைகளுக்காக 13 லட்சம் கார்களை அழைத்தது. 2006-ல் தன் "இ கிளாஸ்" கார்களில் அந்தப் பிரேக் முறையையே கைவிட்டது.

தவறு வராத கம்பெனி இல்லை. வந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி.

1989-ம் ஆண்டு டொயோட்டா கம்பெனி அமெரிக்காவில் "லெக்சஸ்" என்ற சொகுசுக் காரை விற்கத் தொடங்கியது. சில மாதத்தில் இரண்டு புகார்கள் வந்தன. இரண்டே இரண்டு! கம்பெனி சும்மா இருக்கவில்லை. விற்ற சுமார் 8 ஆயிரம் கார்களையும் திரும்ப அழைத்தது. ஆட்களை வீட்டுக்கே அனுப்பியது. 20 நாளில் வேலையை முடித்தது. காரைக் கழுவி, பெட்ரோலும் நிரப்பிக் கொடுத்தது. புதிய கம்பெனிக்கு வந்த கெட்ட பெயர், நல்ல பெயராக மாறியது.

சட்டம் இருக்கிறது

புதுக் கார் அடிக்கடி கெட்டுப்போனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியது இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

சரியாக ரிப்பேர் செய்யாத ஒர்க்‌ஷாப் மீதும் புகார் கொடுக்கலாம். ஆனால் கையில் காகிதம் வேண்டும். கார் எத்தனை தடவை உள்ளே போனது, என்ன குறை சொன்னீர்கள், என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலைக்கு முன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆணையத்தில் எடுபடாது.

என்ன செய்ய வேண்டும்?

கம்பெனிகள், உதிரி சாமான்களின் விலைப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ரிப்பேர் செய்யும் விவரங்களைத் தெருக்கடை மெக்கானிக்கும் நியாயமான விலையில் பெற வழி செய்ய வேண்டும். காரை விற்றதோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது.

பழைய சொகுசுக் கார் வாங்கவே கூடாதா? வாங்கலாம். சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும். இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காருக்குக் கொடுத்தது போக ரிப்பேருக்கு என்று ஒரு பெரிய தொகை தனியே இருக்க வேண்டும்.

அந்தத் தொகை இல்லை என்றால், சின்னக் காரே மேல். அவசரத்துக்குக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கார்தான் வீட்டுக்குப் பெருமை. வாசலில் படுத்துக் கிடக்கிற கார், எத்தனை லட்சம் பெற்றாலும், பாரம்தான்.