எட்டணா தமிழ்

குளத்தூரில் உட்கார்ந்துகொண்டு, இணையதளக் கம்பெனி ஒன்றுக்கு இங்கிலீஷைத் தமிழாக்கிப் பிழைக்கிறேன். தமிழ் வார்த்தைக்கு 50 பைசா.

எண்ணுவது கம்ப்யூட்டர். இரண்டு இடைவெளிக்கு நடுவே இருப்பதெல்லாம் அதற்கு ஒரு வார்த்தை. ‘பிகாஸ் ஐ குட் நாட் கம்’ - ஐந்து வார்த்தை. நான் ‘வரமுடியாததால்’ என்கிறேன். எட்டணா! பி.காம். படித்த வயிறு எரியாதா?

“‘வர முடியாத காரணத்தினால்’னு எழுது மாப்ளே, ஒண்ணரை ரூவா தேறும்!” என்கிறான் நண்பன். இணையத்தில் தமிழ் ஏன் ஊதிப்போய்க் கிடக்கிறது, புரிகிறதா சார்?

ஜெர்மன்காரர்களும் வார்த்தைகளை ஒட்டவைக்கிற ரகம்தான். அங்கே கோர்ட்டுக்கு மொழிபெயர்த்தால், 55 எழுத்துக்கு இவ்வளவு என்று சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. அதைச் சொல்லி, ‘எழுத்தை எண்ணுங்கள், இல்லை இங்கிலீஷ் மூலத்தையாவது எண்ணுங்கள்’ என்று கம்பெனிக்கு எழுதினேன்.

‘யோசிக்கிறோம்’ என்று பதில் வந்தது. ஒரே வார்த்தை.