சாவி வாங்குமுன்...

கால் கிலோ கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், லட்சக்கணக்கில் கடன் வாங்கும் ஃப்ளாட்டை மட்டும் பெயின்ட் பளபளப்பில் மயங்கி வாங்கி விடுகிறோம்!

வீட்டைச் சோதித்துச் சொல்லவென்றே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் என் நாத்தனார் மகள் வாங்கிய புது ஃப்ளாட்டுக்கு ஒருவர் வந்தபோது நானும் கூடப் போனேன். டைல்ஸைக் கம்பியால் தட்டி, உள்ளே காலி என்று சத்தம் கொடுத்த இடங்களைக் குறித்தார். சுவரில் ஈரம் காட்டும் கருவியை வைத்தார். பாத்ரூமில் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்தார். பிளக் பிளக்காகச் சோதித்தாரே, படுக்கையறையில் இரண்டுக்கு எர்த்தே இல்லை! தவழ்கிற குழந்தை உள்ள வீடு, எனக்குப் பகீரென்றது. ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். பத்திரம், பட்டா பார்ப்பது வக்கீல் வேலை. 'வாங்கலாமா, வேண்டாமா' என்றும் சொல்ல மாட்டார். போட்டோவுடன் குறைப் பட்டியல் தருவார். கடைசித் தவணை கட்டுமுன் அதை பில்டரிடம் எழுத்து மூலம் கொடுத்து விடுங்கள்.

சாவி வாங்கியாச்சா? கவலை வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் பதிவான கட்டடமென்றால், ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

சோதனையன்று நீங்களும் கட்டாயம் கூட இருங்கள். கிரைண்டர் எங்கே வரும், தொட்டில் எங்கே வரும் என்பதெல்லாம் நமக்குத்தானே தெரியும்!