‘முதல் முறையாக’ என்னும் மறதி

‘வரலாற்றில் முதல் முறையாக’ என்று எந்த மல்யுத்த நிறுவனம் முழங்கினாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். யாருடைய வரலாறு, எழுதியது யார் என்ற இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே உருவான சொற்றொடர் அது. 2016 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில் சாஷா பேங்க்ஸும் ஷார்லட் ஃபிளேரும் ‘ஹெல் இன் எ செல்’ கூண்டுக்குள் மோதியபோது டபிள்யூ.டபிள்யூ.இ. அப்படித்தான் பறைசாற்றியது. 2021 மார்ச் 17 அன்று ஜாக்சன்வில்லில் பிரிட் பேக்கரும் தண்டர் ரோசாவும் ஏணி, நாற்காலி, மேசை, கொட்டிக் கிடந்த ஆணிகள் என்று ஒன்றையும் விடாமல் அடித்துக்கொண்டபோது, பெண்கள் ஹார்ட்கோர் மல்யுத்தமே அன்று இரவுதான் பிறந்தது போலப் பலரும் பேசினார்கள்.

அந்தப் போட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை. உண்மையிலேயே பல் மருத்துவரான பேக்கர், முகம் முழுக்க ரத்தத்தோடு கேமராவைப் பார்த்துச் சிரித்ததை மறக்க முடியாது. என் சண்டை அந்த ‘முதல்’ என்ற சொல்லோடுதான்.

1996 மே 5, ஜப்பானின் கவாசாக்கி அரங்கம். எஃப்.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆண்டு நிகழ்ச்சி. மெகுமி குடோவும் காம்பேட் தொயோடாவும் மோதுகிறார்கள். வளையத்தின் கயிறுகளைக் கழற்றிவிட்டு முள்கம்பி கட்டியிருக்கிறார்கள். கம்பியில் சிறு வெடிமருந்துகள். உடம்பு பட்டால் தீப்பொறி, காதைப் பிளக்கும் சத்தம், புகை. ஆண்கள் இந்த வகைப் போட்டியை 1990 முதல் ஆடிவந்தார்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அட்சுஷி ஓனிதாவின் அடையாளமே அதுதான். அன்று அந்த முள்கம்பிக்குள் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பேக்கர் - ரோசா போட்டிக்கு 25 ஆண்டுகளுக்கு முன்னால்.

“அதெல்லாம் சும்மா நடிப்புதானே?” இலக்கிய நண்பர்களிடம் மல்யுத்தம் பற்றி வாய் திறந்தால் வருகிற முதல் கேள்வி இதுதான். ஆமாம், முடிவு முன்கூட்டியே பேசி வைத்தது. கூத்துலேயும் துரியோதனன் சாவான்னு தெரிஞ்சுதானே விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறோம்? முடிவு பொய், முள்கம்பி பொய்யில்லை. அது கிழித்த தோலும் பொய்யில்லை. யார் ஜெயிப்பார்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. வலியை வைத்து என்ன சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அவர்கள் சொன்னது ஒரு விடைபெறல். இருவருமே எண்பதுகளில் அகில ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். அங்கிருந்து வெளியேறிய குடோ மழலையர் பள்ளியில் வேலை பார்த்தார். 1990இல் இருவரும் எஃப்.எம்.டபிள்யூ.வுக்கு வந்து, சில சமயம் சேர்ந்தும் பல சமயம் எதிர்த்தும் ஆடி, அங்கே பெண்கள் பிரிவு என்ற ஒன்றை வளர்த்தெடுத்தார்கள். 1996 மே 5 தொயோடாவின் ஓய்வுப் போட்டி. போகிறவர் தோற்றுவிட்டு, தன் மதிப்பை இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் மரபு. உருவத்தில் பெரியவரான தொயோடா தோற்றார். பட்டம் குடோவிடம் போனது.

இதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 1995 மே 5 அன்று, அதே கவாசாக்கியில் ஓனிதாவும் ஓய்வுப் போட்டி ஆடினார். எதிரில் நின்றவர் அவருடைய வாரிசாக வரவேண்டிய இளைஞர் ஹயபுசா. ஜெயித்தது யார்? ஓனிதா! ஜெயித்த கையோடு ஓய்வு பெற்றார். 1996 டிசம்பரில் மறுபடியும் வளையத்துக்குள் வந்து நின்றார். முதலாளி ஓய்விலும் தோற்க மாட்டார். ஓய்விலும் நிற்க மாட்டார். மரபைக் காப்பாற்றியது அந்தப் பெண்ணின் தோள்தான். இதனால்தான் அந்தப் போட்டியை நான் மைல்கல் என்கிறேன். வெடிமருந்தின் அளவை வைத்து அல்ல.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. கொஞ்சம் கனமானது. பெண்களின் ரத்தத்தைக் காட்டிக் காசு பார்ப்பதில் என்ன பெருமை என்பது. நியாயமான கேள்வி. எந்த வீட்டுப் பிள்ளையும் முள்கம்பியில் விழ வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஆனால் இதே கேள்வியைக் கேட்பவர்கள், தொண்ணூறுகளின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் என்ன ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். எதிராளியின் மாலை கவுனை உருவினால் வெற்றி! உள்ளாடையோடு நிற்க வைத்தால் வெற்றி! அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆண்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். இதில் எது பெண்ணைச் சிறுமைப்படுத்துகிறது? கவாசாக்கியில் உடம்பு என்பது தொழிலாளியின் கருவி. அங்கே உடம்பு என்பது கடைச்சரக்கு. ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிப்பது சுலபம்; சரக்கைப் பார்த்துச் சுளிக்கத்தான் நமக்குப் பழக்கமில்லை.

சரி, அமெரிக்க நிறுவனங்களுக்கு ஜப்பான் பற்றித் தெரியாமல் போயிருக்குமோ? அதுவும் இல்லை. 1990 நவம்பரில் யோக்கோஹாமாவில் புல் நகானோ கூண்டின் உச்சியிலிருந்து அஜா காங் மீது பாய்ந்தார். அதே நகானோ 1994இல் டோக்கியோ டோமில் அலுண்ட்ரா பிளேஸைத் தோற்கடித்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். பெண்கள் பட்டத்தையே வென்றார். பட்டம் கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தவரை ‘முதல் முறை’ என்று அறிவிக்கும்போது மட்டும் தெரியாமல் போய்விடுகிறது. 2024இல் அவரைத் தங்கள் புகழ்மண்டபத்தில் சேர்த்து மாலை போட்டுக்கொண்டார்கள்.

இன்னும் கேளுங்கள். 1995 டிசம்பரில் அலுண்ட்ரா பிளேஸ் போட்டி நிறுவனத்தின் நேரலையில் அந்தப் பட்டத்தின் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அதற்குப் பிறகு 1998 செப்டம்பர் வரை டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் பெண்கள் பட்டமே செயலில் இல்லை. அதாவது, குடோவும் தொயோடாவும் முள்கம்பிக்குள் நின்ற அன்று, பின்னாளில் ‘வரலாறு படைத்த’ நிறுவனத்திடம் பெண்கள் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது.

அந்த வரலாற்றையாவது ஒழுங்காகப் படைத்தார்களா? 2017 ஜூன் 18, ‘முதல்’ பெண்கள் ‘மணி இன் தி பேங்க்’ ஏணிப் போட்டி. பெட்டியை ஏணியில் ஏறி எடுத்தது யார்? ஜேம்ஸ் எல்ஸ்வொர்த் என்ற ஆண். எடுத்து, கீழே இருந்த கார்மெல்லாவிடம் போட்டார். கதையில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஒன்பது நாள் கழித்து, ஜூன் 27 அன்று அதே போட்டியை மறுபடியும் நடத்தினார்கள். வரலாற்றுக்கே ரீடேக்!

எஃப்.எம்.டபிள்யூ. 2002இல் மூடப்பட்டது. செத்துப்போன நிறுவனத்துக்கு விளம்பரப் பிரிவு கிடையாது. ‘முதலில் நாங்கள்தான்’ என்று கத்த அங்கே ஆள் இல்லை. இருக்கிற நிறுவனம் தன் ஒளிநாடாவைத்தான் போட்டுக் காட்டும். ரசிகனும் அதுதான் உலகம் என்று நம்புவான். நாம் மட்டும் என்னவாம்? ‘மலேசியத் தமிழில் முதல்’ என்று பின்னட்டையில் போட்டுக்கொள்ளும் நம் புத்தகங்களில், போடுமுன் பழைய இதழ்க்கட்டுகளைப் புரட்டிப் பார்த்தவை எத்தனை?

பேக்கர் - ரோசா போட்டியின் விதியில் ஒரு வேடிக்கை உண்டு. அது ‘லைட்ஸ் அவுட்’ போட்டி. நிறுவனத்தின் அனுமதி பெறாதது என்ற பாவனையில் நடப்பதால் அதன் முடிவு வெற்றி தோல்விக் கணக்கில் சேராது. ரோசா ஜெயித்தார், ஏட்டில் அந்த வெற்றி ஏறவில்லை. ஆனாலும் அந்தப் போட்டி நினைவில் நிற்கிறது. காரணம், அதைப் பற்றிப் பேச ஒரு நிறுவனம் உயிரோடு இருக்கிறது. குடோவுக்கும் தொயோடாவுக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுக்கு நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பேக்கரைக் கொண்டாடுங்கள், ரோசாவைக் கொண்டாடுங்கள், கூண்டுக்குள் நின்ற சாஷாவையும் ஷார்லட்டையும் கொண்டாடுங்கள். அறிவிக்கும்போது மட்டும் ‘எங்கள் நிறுவனத்தில் முதல் முறையாக’ என்று சொல்லுங்கள். கூடுதலாக இரண்டே சொற்கள். முள்கம்பியில் விழுந்து எழுந்தவர்களுக்கு அதைக்கூடத் தர மாட்டோம் என்றால், நீங்கள் படைப்பது வரலாறு அல்ல, வெறும் விளம்பரம்.