ரகசியச் சாவி வணிகர் கையில் இருக்கட்டும்

பெறுநர்:
ஆளுநர், இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துச் சிறு வணிகர்களுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுப்பது என் தொழில். கருப்பட்டி, கடலைமிட்டாய், பத்தமடைப் பாய் என்று ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கும் சரக்குகள்தான் பெரும்பாலும். படம் ஏற்றுவது, விலை போடுவது, கூரியரோடு இணைப்பது எல்லாம் தடையில்லாமல் நடக்கும். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேயின் ஏபிஐ கீ என்ற சாவியைக் கடையில் பதிய வேண்டிய கட்டத்தில்தான் வேலை நின்றுபோகிறது. அந்தக் கட்டத்தில் எங்கள் வணிகர்கள் படும் பாட்டைப் பற்றியும் அதில் உள்ள ஆபத்தைப் பற்றியும் தங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

வாங்குபவர் செலுத்தும் பணம் எந்த வணிகருக்குரியது என்று கடையின் மென்பொருள் கேட்வேக்குச் சொல்வது இந்தச் சாவிகளை வைத்துத்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். ரேசர்பேயில் கீ ஐடி, கீ சீக்ரெட். பேயூவில் மெர்ச்சண்ட் கீ, சால்ட். சிசிஅவென்யூவில் மெர்ச்சண்ட் ஐடி, ஆக்சஸ் கோட், வொர்க்கிங் கீ என மூன்று. எல்லாவற்றிலும் ஒரு பகுதி மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாத ரகசியம். பெயர்களும் டாஷ்போர்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபது வருடம் சரக்குப் பிடித்து வியாபாரம் செய்தவர், எந்த மெனுவுக்குள் எந்தப் பிரிவில் தன் சாவி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

கண்டுபிடித்தாலும் குழப்பம் தீர்வதில்லை. பதிவு செய்தவுடன் பெரும்பாலும் கிடைப்பது சோதனைக்கான டெஸ்ட் சாவி. பான், வங்கிக் கணக்கு, தொழில் சான்று கொடுத்து கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முடிந்த பிறகே உண்மையில் பணம் வாங்கும் லைவ் சாவி கிடைக்கும். டெஸ்ட் சாவியோடு திறந்த கடையில் வங்கிப் பக்கத்துக்குப் பதில் ஒரு பாவனைப் பக்கம் வரும் கேட்வேக்கள் உண்டு. அங்கே ‘வெற்றி’ என்ற பொத்தானை அழுத்தினாலே பணம் வந்ததாக ஆர்டர் பதிவாகிவிடும். வணிகர் சரக்கைக் கட்டி அனுப்பிவிடுவார். கணக்குக்கு ஒரு ரூபாயும் வராது. இன்னொன்று, சில நிறுவனங்களில் ரகசியச் சாவியை உருவாக்கும்போது ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள். பாதுகாப்புக்கு அது சரிதான், அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அப்போது குறித்துவைக்காதவர் புதிய சாவி உருவாக்கியாக வேண்டும். பழையது செயலிழந்தால், புதியதைக் கடையில் பதியும்வரை பணம் வாங்குவது நிற்கும். இதைத் தமிழில் இரண்டு வரியாக அந்தத் திரையிலேயே எழுதிவைத்தால் எத்தனை பேருக்கு நிம்மதி!

இந்தச் சிக்கலில் வணிகர்கள் தேடும் குறுக்குவழிதான் என்னை அஞ்ச வைக்கிறது. ‘நீங்களே பாத்துக்குங்க சார்’ என்று லாகின், பாஸ்வேர்டு, வரும் ஓடிபி எல்லாவற்றையும் கடை அமைத்துக் கொடுப்பவரிடம் சொல்லிவிடுகிறார்கள். சாவியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வீடு கட்டிய கொத்தனாரிடமே வாசல் சாவியும் பீரோ சாவியும் தங்கிவிட்டது போன்ற நிலை இது. அந்த ரகசியத்தை வைத்திருப்பவர் என்ன செய்ய முடியும் என்பதை வணிகர்களிடம் யாரும் சொல்வதில்லை. வாங்கியவர்களின் தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரியோடு விற்பனைப் பட்டியல் முழுவதையும் அவர் எடுத்துவிடலாம். ரீஃபண்ட் எந்த வழியில் பணம் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்பது தங்கள் விதி, நல்ல விதி. ஆனாலும் அவரே ஒரு பொருளை வாங்கி, சரக்கு கைக்கு வந்ததும் அந்தச் சாவியைக் கொண்டே பணத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பணம் செலுத்தாமலே செலுத்தியதாகக் கடையை நம்பவைக்கும் கையொப்பத்தையும் அந்த ரகசியத்தை வைத்து உருவாக்க முடியும்.

மசாலாப் பொடி விற்கும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். முன்பு கடை அமைத்துக் கொடுத்தவர் தொலைபேசியை எடுப்பதில்லை. கேட்வே கணக்கு அவருடைய மின்னஞ்சலில் இருக்கிறது. பான் அட்டை அக்காவுடையது, செட்டில்மெண்ட் போகும் வங்கிக் கணக்கும் அக்காவுடையதுதான். ஆனால் சாவி இருக்கும் பக்கத்தைத் திறக்க அவரால் முடியவில்லை. உதவி மையத்துக்கு எழுதினால், ‘பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து தொடர்புகொள்ளுங்கள்’ என்றே திரும்பத் திரும்பப் பதில் வந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அவர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, கியூஆர் படம் அனுப்பி, ஒவ்வொரு ரசீதையும் கண்ணால் சரிபார்த்துக் கொண்டிருந்தார். தன் கடைக்குள் தானே நுழைய முடியாத கோபம் அவர் குரலில் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது.

வாங்குபவரைக் காக்க ரிசர்வ் வங்கி செய்தவற்றை நான் மதிக்கிறேன். மூன்றாம் தரப்பின் மோசடியில் போன பணத்தை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளருக்கு இல்லை என்று 2017-இல் அறிவித்தீர்கள். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்க முடியாதபடி டோக்கன் முறையைக் கொண்டுவந்தீர்கள். இந்தக் கேட்வே சேவையைத் தரும் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு 2020 மார்ச்சில் வழிகாட்டுதல் தந்தீர்கள், 2025 செப்டம்பரில் அதை விரிவாக்கினீர்கள். வணிகர் யார் என்று அந்த நிறுவனங்கள் சரிபார்க்க வேண்டும், புகார்களுக்கு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றெல்லாம் தாங்கள் சொல்லித்தான் நடக்கிறது. சொன்னால் நடக்கும் என்பதால்தான் கேட்கிறேன்.

கேஒய்சியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே கணக்கின் உரிமையாளர் என்பதை அக்ரிகேட்டர்கள் ஏற்க வேண்டும். கடை அமைப்பவரின் மின்னஞ்சலில் கணக்கு சிக்கிக்கொண்டால், பானும் வங்கிக் கணக்கும் காட்டும் உரிமையாளர் அதைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் மீட்க வழி வேண்டும். அந்தக் கெடுவைத் தாங்கள் நிர்ணயித்துத் தர வேண்டும். பாஸ்வேர்டும் ஓடிபியும் கைமாறாமல், அமைப்பவருக்கு வேலை முடியும்வரை மட்டும் தனி அனுமதி தரும் வசதி சில நிறுவனங்களில் இருக்கிறது. அதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்குங்கள். புதிய சாவி உருவானாலும் பழையது நீக்கப்பட்டாலும் உரிமையாளரின் கைபேசிக்கு உடனே அவர் மொழியில் குறுஞ்செய்தி போகட்டும். ரீஃபண்ட் செய்யும் உரிமை இல்லாத சாவி ஒன்றை வணிகர் கேட்டால் கிடைக்கட்டும். பாய் விற்கும் கடைக்குப் பணம் வாங்கும் சாவி போதும், திருப்பிக் கொடுப்பதை அவர் டாஷ்போர்டில் தன் கையால் செய்துகொள்வார்.

மொழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுமக்களுக்கான தங்கள் விழிப்புணர்வு விளம்பரங்கள் தமிழிலும் வருகின்றன, ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது இன்று கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். அதே பிரசாரத்தில் வணிகர்களுக்கென்று ஒன்றைச் சேருங்கள்: சீக்ரெட் கீயும் ஓடிபி போலத்தான், அதைப் படமெடுத்து அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் இன்றே மாற்றுங்கள், மாற்றும் பக்கம் இங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லும் பொறுப்பை ஒவ்வொரு அக்ரிகேட்டர் மீதும் சுமத்துங்கள். அடுத்த பண்டிகைக் காலத்துக்கு முன் இதற்கான சுற்றறிக்கை வெளிவர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்கு இணையதளம் அமைப்பவன்,
திருநெல்வேலி.