பதக்கம் பொய்யா?



“ஒலிம்பிக் பதக்கத்தோடு சரி. தொழில்முறைக்குப் போனதும் சாயம் வெளுத்துவிட்டது.” குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கைப் பற்றி இவ்வாறு பேசுவோர் இன்றும் உளர். இத்தீர்ப்பை நான் மறுக்கிறேன். மறுப்பதற்குக் காரணம் அவர்மீது கொண்ட பற்று அன்று. இதே தீர்ப்பு நம் பிள்ளைகள் மீதும் நாள்தோறும் சுமத்தப்படுகிறது என்பதே.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். இந்தியாவின் அரியானா மாநிலத்தில், பிவானிக்கு அருகிலுள்ள காலுவாஸ் என்னும் சிற்றூரில் பேருந்து ஓட்டுநரின் மகனாகப் பிறந்தவர் விஜேந்தர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. 2009-இல் மிலான் நகரில் உலக வாகையர் போட்டியில் வெண்கலம். 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம்.

2015-இல் அவர் தொழில்முறைக்கு மாறினார். நாட்டை விடுத்துப் பணத்தை நாடினார் என்று ஏசினர். தொடர்ந்து 12 வெற்றிகள் பெற்றபோது, ‘தோல்வி அறியாதவர்’ என்று விளம்பரம் செய்தனர். 2021 மார்ச்சில் கோவாவில், ரஷ்யாவின் ஆர்திஷ் லோப்சானிடம் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். உடனே, ‘எல்லாம் வெற்று ஆரவாரம்’ என்றனர். 2022 வரை 14 மோதல்கள், 13 வெற்றிகள். உலகப் பட்டத்துக்கான மோதல் ஒன்றேனும் இல்லை.

ஏசியவர், புகழ்ந்தவர் ஆகிய இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இரண்டு வெவ்வேறு கலைகளை ஒரே அளவுகோலால் அளக்கின்றனர்!

பெய்ஜிங்கில் ஒரு மோதல் என்பது 2 நிமிடச் சுற்றுகள் நான்கு. தலைக்கவசம் உண்டு. ஐந்து நடுவர்களுள் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. வேகமாகத் தொட்டு விலகுபவன் வெல்வான். தொழில்முறையிலோ 3 நிமிடச் சுற்றுகள் பத்தோ பன்னிரண்டோ வரை நீளும். தலைக்கவசம் இல்லை. அடி தாங்கும் உடலும், மூச்சைச் சேமிக்கும் பொறுமையும் வேண்டும்.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. ஒலிம்பிக்கில் எதிராளியைத் தீர்மானிப்பது சீட்டுக் குலுக்கல். தொழில்முறையில் எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் போட்டியை நடத்தும் வணிகர். ஆகவே அங்கே அடுக்கிய 12 வெற்றிகள் ஒருவரை உலகத் தரத்தவர் என்று மெய்ப்பிப்பதும் இல்லை. பின்னர் வந்த ஒரு தோல்வி பெய்ஜிங் வெண்கலத்தைப் பித்தளை ஆக்குவதும் இல்லை.

இது இந்தியாவில் மட்டும் நிகழ்வதன்று. பிரிட்டனின் ஆட்லி ஹாரிசன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வென்றார். அப்பிரிவில் அந்நாட்டின் முதல் தங்கம் அது. பிபிசி அவருடன் பத்து இலட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. 2010-இல் உலகப் பட்டத்துக்காக டேவிட் ஹேயுடன் மோதி, மூன்றாம் சுற்றில் தோற்றார். அம்மோதலில் அவர் எதிராளிமீது பதித்ததாகக் கணக்கிடப்பட்ட குத்து ஒன்றே ஒன்று. அதைச் சொல்லிச் சொல்லி நகைத்தனர். 38 மோதல்களில் 31 வென்றவர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்தனர்?

நிற்க. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

கோலா குபு பாரு வட்டாரத்திலும் சுற்றுத் தோட்டப்புறங்களிலும் இதே பேச்சை வேறு சொற்களில் கேட்கலாம். “தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவன், படிவம் ஒன்றில் கடைசி. அப்படியானால் தமிழ்ப்பள்ளியில் பெற்ற தேர்ச்சி பொய்தானே?” இந்த ஒரு வாக்கியத்தை நம்பியே சில பெற்றோர் அடுத்த பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல் விடுகின்றனர்.

பெற்றோர்களே, தேர்ச்சி பொய்யன்று, களம் மாறியிருக்கிறது. ஆறாண்டுகள் தாய்மொழியில் சிந்தித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களைத் தேசிய மொழியில் எதிர்கொள்கிறது. நான்கு சுற்றுக்குப் பழகியவனைப் பத்துச் சுற்றுக்கு இறக்கிவிட்டு, மூன்றாம் சுற்றிலேயே ‘இவன் உதவமாட்டான்’ என்பது என்ன நீதி?

அதே வேளையில், ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். ‘தோல்வி அறியாதவர்’ என்னும் விளம்பரத்தை நாமும் செய்யலாகாது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்படும்வரை, ‘ஏ’க்களின் எண்ணிக்கையைப் பதாகையில் ஏற்றிய பள்ளிகள் பல. அந்தப் பிள்ளைகள் படிவம் மூன்றில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்ட பள்ளிகள் எத்தனை? பதக்கத்தைக் கொண்டாடுவது நம் உரிமை. அடுத்த களத்துக்கு ஆயத்தம் செய்வது நம் கடமை. ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளிலேயே அறிவியல், கணிதக் கலைச்சொற்களைத் தேசிய மொழியிலும் அறிமுகம் செய்வோம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முன்னாள் மாணவர்களை அழைத்து, அவர்தம் இடர்களைக் கேட்டறிவோம்.

பெற்றோர்களே, படிவம் ஒன்றின் முதல் தேர்வு அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில் பிள்ளையின் பழைய பரிசுக் கோப்பையைச் சுட்டிக்காட்டி ஏளனம் செய்யாதீர்கள். அந்தக் கோப்பை அவன் உழைத்துப் பெற்றது. எந்தப் பாடத்தில், எந்தச் சொல்லில் இடறுகிறான் என்று மட்டும் கேளுங்கள்.