பழைய காரை முறுக்குவதா, வேகமான காரை வாங்குவதா?

திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று ஆளுக்கொரு பக்கம் போகிற வண்டிகள் பிரிகிற இடம் செம்பட்டி. அப்படிப்பட்ட ஊரில் கார் பற்றிப் பேசாத டீக்கடை இருக்குமா என்ன? அந்தப் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. அப்பா காலத்து மாருதி 800 வீட்டில் நிற்கிறது. கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. அதை ட்யூன் பண்ணி வேகமாக்கலாமா, இல்லை தள்ளிவிட்டு வேகமான வண்டி ஒன்றை வாங்கலாமா?

முதலில் 800-ன் யோக்கியதையைப் பார்த்துவிடலாம். 1983-ல் வந்து 2014 வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். பெரும்பாலான மாடல்களில் 40 பிஎச்பிக்கும் குறைவு. 2005-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்விப்டில் அதைப் போல் இரண்டு மடங்கு. 800-ன் ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து, சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரை நோண்டி என்ன செய்தாலும் சத்தம் கூடுகிற அளவுக்கு வேகம் கூடாது. :-)

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது பழகிய கணக்கு. வருவாயினச் செலவு, முதலினச் செலவு என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பிரித்துச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ மாற்றுவது எல்லாம் வருவாயினச் செலவு. இருப்பதை இருந்தபடியே ஓட வைக்கிறது. இன்ஜினின் திறனைக் கூட்டுகிற செலவு, பாடப்புத்தகப்படி முதலினச் செலவு. அதாவது சொத்தின் மதிப்போடு சேர வேண்டியது. ஆனால் சந்தையில் சேருகிறதா? விற்கப் போனால், "பிரிச்ச இன்ஜினா?" என்று கேட்டு விலையைக் குறைப்பார்கள். புத்தகத்தில் சொத்தாக ஏறிய பணம் பட்டறையிலேயே கரைந்துவிடுகிறது. அதற்கப்புறம் "இவ்வளவு போட்டாச்சே" என்று இன்னும் போடத் தோன்றும். போன பணத்தை நினைத்து வருகிற பணத்தையும் விடுவது என்பது இதுதான்.

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 15 வருடம் தாண்டிய காரை ஆர்.டி.ஓ. பரிசோதனைக்குக் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மாற்றிய வண்டியோடு அங்கே போய் என்ன சொல்வது? விபத்து என்று வந்துவிட்டால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் வழி இருக்கிறது.

இதையெல்லாம் விட முக்கியமானது பிரேக். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி 100-ல் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கிற தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடும் என்பது பள்ளி இயற்பியல். 800-ன் பிரேக், 12 அங்குல வீல், சஸ்பென்ஷன் எல்லாம் அந்தச் சின்ன இன்ஜினுக்கு அளவெடுத்துச் செய்தவை. இன்ஜினை மட்டும் முறுக்கிவிட்டு மற்றதை அப்படியே விடுவது, வாழைநாரில் காளையைக் கட்டுகிற கதை.

"அப்படியென்றால் கோயம்புத்தூர்க்காரர்கள் செய்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே எஸ். கரிவரதன் இதே மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரை உருவாக்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பந்தயம் ஓட்டத் தொடங்கியது அந்த வகைக் காரில். ஆனால் கரிவரதன் வீட்டுக் காரை முறுக்கவில்லையே! எடை குறைந்த புதுச் சட்டம் ஒன்றைச் செய்து, அதில் அந்தச் சின்ன இன்ஜினை வைத்தார். அது ஓடியது எதிரே பஸ் வராத பந்தயத் தடத்தில். செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே இன்று 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. வேகம் பிடித்தவர்களுக்கு அது ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.

ஆக, பழைய கார் பிடித்திருக்கிறதா? பிரேக், டயர், ஷாக் அப்சார்பர், ஹெட்லைட் என்று செலவழித்து அதைப் புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். வேகம்தான் வேண்டுமா? இன்ஜினுக்குத் தகுந்த பிரேக்கோடு கம்பெனியே செய்து கொடுத்த காரை வாங்குங்கள், செகண்ட் ஹேண்ட் ஆனாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மூன்றாவது வழியில்தான் பணமும் போகும், சில சமயம் ஆளும் போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சராசரியாக 50-ல் போனால் 24 நிமிடம். 60-ல் போனால் 20 நிமிடம். மிச்சம் நாலே நாலு நிமிடம். இதே செம்பட்டி வழியாகத்தான் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் விடிய விடிய ரோட்டோரமாகப் பழனிக்கு நடக்கிறது. பூமாலையோடு டிவிஎஸ் 50 போகிறது, தக்காளி ஏற்றிய மினி லாரி திரும்புகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். அந்த நாலு நிமிடத்தை மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?