திரும்பி வந்தவருக்கு என்ன சம்பளம்?

தொண்டு நிறுவனம் ஒன்றின் மாலை வகுப்பில் தரையில் உட்கார்ந்து படித்த பெண், கல்லூரி முடித்து, வெளியே நாலைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதே நிறுவனத்துக்கு ஒருங்கிணைப்பாளராக வருகிறார். இது இப்போது அபூர்வச் செய்தி அல்ல. 2010இல் ‘விதை’ திட்டத்தைத் தொடங்கிய அகரம் அறக்கட்டளையில், உதவி பெற்றுப் படித்தவர்களே அடுத்து வரும் மாணவர்களுக்குத் தன்னார்வலர்களாக நிற்கிறார்கள். 2009 முதல் இயங்கும் டீச் ஃபார் இந்தியாவில் இரண்டாண்டு வகுப்பெடுத்துவிட்டு அங்கேயே பணியாளர்களாகச் சேர்ந்தவர்கள் உண்டு.

அப்படி வருகிறவருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிறார்கள். ‘நம்ம சென்டர் பிள்ளை’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். படம் ஆண்டறிக்கையின் அட்டைக்குப் போகிறது. நிறுவனத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. விழா முடிந்த திங்கட்கிழமை அவர் நிலைமை என்ன என்பதுதான் நமது கேள்வி.

வருகைப் பதிவேடு, வவுச்சர் கட்டு, சுண்டல் செலவுக் கணக்கு, நிதி கொடுத்த கம்பெனிக்குக் காலாண்டு அறிக்கை. இதையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். மனிதர்கள்தான் பாடு. நமக்குத் தெரிந்த ஒரு மையத்தில், கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர் பிள்ளைகளின் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டுவார். திரும்பி வந்த பெண்ணும் அவரிடம் அந்த அடி வாங்கித்தான் வாய்ப்பாடு படித்தவர். இனி அடி கூடாது என்று அவரிடமே போய்ச் சொன்னார். “பாப்பா, நீ மூக்கு ஒழுக வந்து நின்னப்பவே நான் இங்க வாத்தியாரு” என்றாராம் அவர். சண்டை போடவில்லை, நேரே செயலாளருக்குப் போன் போட்டார். மறுநாள் செயலாளர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “அண்ணன் மனசு நோகாமப் பாத்துக்கம்மா” என்றார். அத்தோடு சரி. ஸ்கேல் அலமாரிக்குப் போகவில்லை. அந்தப் பெண் பெயருக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

இதில் செயலாளர் கெட்டவர் இல்லை, மூத்தவரும் கொடுமைக்காரர் இல்லை. முப்பது வருஷம் சம்பளமில்லாமல் உழைத்த மனிதர் அவர். ஆனால் உழைப்புக்கு மரியாதை வேறு, பிள்ளையை அடிக்கிற உரிமை வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாத நிறுவனத்துக்கு இளைய தலைமை எதற்கு?

திரும்பி வருகிறவருக்குத் தெரிந்த சில விஷயங்கள், எம்.எஸ்.டபிள்யூ. முடித்து வெளியிலிருந்து வருபவருக்கு எளிதில் பிடிபடாது. ஏழாம் வகுப்புப் பெண் திடீரென்று வராமல் போனால் அது படிப்பில் ஆர்வமின்மை அல்ல, அம்மாவுக்கு ஷிப்ட் மாறியதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். நன்கொடையாளர் கொடுத்த புத்தகப் பையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோவுக்கு நிற்பது எப்படிக் கூசும் என்றும் தெரியும், நின்றவர் அவர். இந்த அறிவுக்காகத்தான் அவரை அழைக்கிறோம் என்றால், அதைக் கொண்டு முடிவெடுக்கும் அதிகாரத்தை நியமன உத்தரவிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

சம்பளத்துக்கு வருவோம். ‘நம்ம பிள்ளைதானே’ என்பது பல இடங்களில் சம்பளத்தைக் குறைப்பதற்கான காரணமாகவே ஆகிவிட்டது. நிறுவனங்கள் சட்டத்தைக் காட்டுகின்றன. அதில் பாதி உண்மை. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக வெட்டியது. ஆசிரியர் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது, நிர்வாகப் பணியாளர் சம்பளம் சேரும். அடி விழுவது ஒருங்கிணைப்பாளர் போன்றவர்கள் மேல்தான். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு என்று செலவிடும் சி.எஸ்.ஆர். பணம் அப்படியல்ல. அதில் சொல்லப்படும் 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கானது. கல்வித் திட்டத்தில் ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் தரும் சம்பளம் திட்டச் செலவே என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட கேள்வி-பதிலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ‘ஆள் செலவு வேண்டாம், டேப்லெட் வாங்கிக் கொடுங்கள்’ என்று கம்பெனி அதிகாரி சொன்னால், அந்தத் தாளை எடுத்துக்காட்ட நிறுவனங்கள் தயங்குகின்றன. விளைவு: டேப்லெட் பீரோவில் இருக்கிறது, சொல்லித்தர ஆள் இல்லை.

(சந்தா பாக்கியில் ஓடும் சிற்றிதழ், எழுதுகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காத சிற்றிதழ், சம்பளம் பற்றிப் பேசலாமா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நம்மை நம்பி மாலை ஐந்து மணிக்கு நாற்பது பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பதில்லை.)

அரசும் இதில் முன்மாதிரி இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. பெரும்பாலும் பெண்கள். அந்தத் தொகையை வைத்துக்கொண்டு தன் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தியவர்களில் எத்தனையோ பேர் நாளை ஒரு நிறுவனத்தையே நடத்தக்கூடியவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, உரிய ஊதியத்தோடும் பி.எஃப்.போடும் வேலைக்கு வைப்பதுதான் அறிவுள்ள காரியம்.

நம் வாசகர்களில் பலர் ஜூன் மாதம் நோட்டுப் புத்தகத்துக்கு என்று பணம் அனுப்புகிறவர்கள். இந்த வருஷம் அனுப்பும்போது, ‘பணியாளர் சம்பளத்துக்கு’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.